சர்க்கரை போடாத காப்பி

கலியாணப் பந்தியொன்றில் எனக்கு அடுத்த இலையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், சாம்பாருக்கு ஒரு முறையும் வற்றல்குழம்புக்கு ஒரு முறையும் ரசத்துக்கு ஒரு முறையுமாகச் சோற்றைக் குழி பறித்து வாங்கி நிதானமாக உண்டுகொண்டிருந்தார். பாயசம் பரிமாறும் பிள்ளை வாளியும் கரண்டியுமாக எங்கள் வரிசைக்கு வந்தபோது, அவர் இரண்டு கைகளையும் இலைக்கு மேலே குறுக்காக விரித்து, "வேண்டாம் தம்பி, எனக்குச் சர்க்கரை இருக்கிறது" என்று தடுத்துவிட்டு, அடுத்து வந்தவரிடம் மோருக்குச் சோறு கேட்டார். பந்தி எழுந்து காப்பி வந்ததும், சர்க்கரை போடாத டம்ளர் எது என்று விசாரித்து வாங்கிக் குடித்தார். குடித்து முடித்த அவர் முகத்தில், பெரியதொரு விரதத்தைப் பங்கமின்றி நிறைவேற்றியவரின் சாந்தி தெரிந்தது.

அவரைப் பரிகசிக்கும் யோக்கியதை எனக்கில்லை. இந்த வியாதி என்னிடம் வந்து சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன; முதல் நான்கு ஆண்டுகள் நானும் அந்தப் பெரியவரின் மதத்தையே அனுசரித்தேன். சர்க்கரை டப்பாவைச் சத்துருவாகப் பாவித்து அதைச் சமையலறையின் மேல்தட்டுக்கு நாடு கடத்திவிட்டு, சோற்றுப் பானையோடு பழைய சிநேகத்தைக் குறைவின்றி வைத்திருந்தேன். பிசகு பாதி நம்முடையதென்றால், பாதி அந்த வியாதிக்கு நாம் இட்ட பெயருடையது. நீரிழிவு என்றும் மதுமேகம் என்றும் நம் முன்னோர் சொன்ன பெயர்கள், உடம்பிலிருந்து எது வெளியேறுகிறது என்பதைக் கண்டு வைத்த பெயர்கள். சர்க்கரை வியாதி என்ற இன்றைய பெயரைக் கேட்கிறவனோ, உடம்புக்குள் எது போகிறது என்பதைப் பற்றிய எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொண்டு, காப்பியில் போடும் இரண்டு கரண்டியை நிறுத்தியதும் கடமை தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறான்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். வளர்ந்த மனிதர் ஒருவர் தேகத்தில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். காலையில் வெறும் வயிற்றில், ஆரோக்கியமான ஒருவருடைய அந்த இரத்தம் முழுவதையும் வடித்தெடுத்தாலும் அதிலுள்ள சர்க்கரை 5 கிராமுக்கு மிகாது. அதாவது ஒரு தேக்கரண்டி. இந்த ஒரு தேக்கரண்டி அளவைக் கூடவும் விடாமல் குறையவும் விடாமல் காப்பதுதான் சரீரம் ஓயாமல் செய்துவரும் காரியம். இப்போது சோற்றைப் பாருங்கள். 100 கிராம் அரிசியில் 78 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. அது நாக்கில் இனிப்பதில்லை. ஆனால் குடலில் கரைந்ததும் அவ்வளவும் சர்க்கரைதான். ஒரு தேக்கரண்டி இருக்கவேண்டிய இடத்தில் பதினைந்து தேக்கரண்டி வந்து இறங்குகிறது. காப்பியில் மிச்சம் பிடித்த இரண்டு கரண்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பந்தியில் கண்ட சாந்தியின் விலை விளங்கும்.

அறுவடைக் காலத்தில் களத்து நெல் வண்டி வண்டியாக வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதை நினைத்துக்கொள்ளுங்கள். நெல் வாசலிலேயே கிடக்கக் கூடாது, பத்தாயத்துக்குள் போகவேண்டும். நம் உடம்பில் உள்ள பெரிய பத்தாயம் தசைகள், அடுத்தது கல்லீரல். வந்த சரக்கைப் பார்த்து, திறவுங்கள் என்று உத்தரவிடும் கணக்குப்பிள்ளை, கணையம் என்ற சுரப்பி அனுப்புகிற இன்சுலின். நடுவயதில் வரும் நீரிழிவில் நடப்பது என்னவென்றால், கணக்குப்பிள்ளை குரல் கொடுத்தும் பத்தாயத்துக் காவலாட்கள் செவிசாய்ப்பதில்லை. ஈரலிலும் தசையிலும் வேண்டாத கொழுப்புப் படிந்து அவர்கள் காது மந்தமாகிவிட்டது. அவரும் இன்னும் உரக்க, இன்னும் உரக்கக் கூவிப் பார்த்து, சில ஆண்டுகளில் அவருடைய தொண்டையே கம்மிப்போகிறது. வாசலில் குவிந்த நெல் மழையில் நனைந்து முளைவிட்டு நாறுவதுபோல, இரத்தத்தில் தேங்கிய சர்க்கரை கண்ணின் நுண்ணிய நாளங்களையும், சிறுநீரகத்தின் வடிகட்டிகளையும், பாதத்து நரம்புகளையும் சந்தடியின்றிக் கெடுத்துவிடுகிறது.

குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் பெரும்பாலும் வரும் முதல் வகை நீரிழிவு வேறு. அங்கே கணக்குப்பிள்ளையே இல்லை. 1921-இல் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்து, மறு ஆண்டு ஜனவரியில் அது முதல் நோயாளிக்குச் செலுத்தப்படும்வரை, அந்த வகை வியாதி வந்த குழந்தைகள் பிழைத்ததில்லை. ஆகவே, உணவாலும் நடையாலும் ஆகக்கூடியதைப் பற்றி நான் எழுதுவதைப் படித்துவிட்டு, அல்லது எவனோ ஒருவன் விற்கும் சூரணத்தை நம்பி, அத்தகைய குழந்தைக்கு ஊசியை நிறுத்துவார்களானால் அது பிராணஹத்தி. இவ்விஷயத்தில் மென்மையான வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

"நான் ஒல்லிதானே, எனக்கெப்படி வரும்?" என்று கேட்பவர்கள் நம்மில் அநேகர். இதற்கு விடையாக மருத்துவ உலகில் பிரசித்தமான ஒரு புகைப்படம் உண்டு. புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும், அவருடைய சிநேகிதரான யுட்கின் என்ற ஆங்கில மருத்துவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடை என்று கணக்கிடும் குறியீடு இருவருக்கும் அச்சொட்டாக ஒன்றே: 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1, நம்மவருக்கு 21.2. 2004-இல் லான்செட் சஞ்சிகையில் வெளிவந்த அந்தப் படம், இந்தியர்களின் மெலிவு எவ்வளவு மாயமானது என்பதை ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறது. கையும் காலும் குச்சியாக இருக்க, கொழுப்பு வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றி மறைந்திருக்கிறது. தராசைவிட தையற்காரரின் நாடா நமக்கு உண்மை பேசும்: இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால், எடை எவ்வளவாயினும் அது எச்சரிக்கையே. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பு, நாட்டில் நீரிழிவு உள்ளவர் 10.1 கோடி என்றும், அதன் வாசற்படியில் நிற்பவர் 13.6 கோடி என்றும் சொல்லிற்று. புதுச்சேரியில் வயது வந்தோரில் நூற்றுக்கு 26 பேருக்கு மேல்.

இனி ஆகாரத்துக்கு வருவோம். நீரிழிவு என்றதும், அரிசியை விலக்கிக் கோதுமைக்கும் கேழ்வரகுக்கும் மாறிவிட்டால் போதும் என்ற அபிப்பிராயம் நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் 100 கிராமுக்கு 65 கிராம் அளவுக்கு மாவுச்சத்து உண்டு. அரிசிக்கும் அவற்றுக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைப்போல அவ்வளவு அதிகமன்று. தானியம் முழுதாக, மென்று தின்னும்படியாக இருக்கும்வரை அதன் நார், சர்க்கரையை நிதானமாக அவிழ்த்துவிடும். அதையே மைய அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி மடக்மடக்கென்று குடித்தால், குடலுக்கு வேலையே வைக்காமல் விறுவிறுவென்று இரத்தத்தில் ஏறிவிடும். எங்கள் தெருவில் ஒருவர் தினந்தோறும் காலையில் ஒரு பெரிய செம்பு கேழ்வரகுக் கஞ்சியைப் பக்தியோடு அருந்திவிட்டு, சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று வைத்தியரோடு விவாதம் செய்துகொண்டிருந்தார். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று பெயர் மாற்றி வருபவைகளையும் இரத்தம் வேறாக மதிப்பதில்லை. அவற்றின் மணமும் குணமும் எனக்கும் பிரியமானவைதாம், ஆனால் மணத்துக்காகக் கணையம் சலுகை காட்டுவதில்லை.

நம் பாஷையிலேயே நம் குறை ஒளிந்திருக்கிறது. பொரியலையும் கூட்டையும் துவையலையும் நாம் 'தொட்டுக்கொள்ள' என்று சொல்லுகிறோம். சோறுதான் எஜமானர், மற்றவை யாவும் விரலால் தொட்டுக்கொள்ளும் பரிவாரம். நாட்டில் உண்ணப்படும் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025-இல் வெளியான ஆய்வு கண்டதற்கு வேறு வியாக்கியானம் தேவையில்லை. நான் செய்ததெல்லாம், நாலாண்டு வீணாக்கிய பிற்பாடு, இந்தச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பியதுதான். இலையில் பாதியை அவரையோ புடலையோ வெண்டையோ கீரையோ நிரப்பும். ஒரு கால் பாகத்தைக் கெட்டிப் பருப்போ, சுண்டலோ, முட்டையோ, மீனோ எடுத்துக்கொள்ளும். மிச்சமுள்ள கால் பாகத்தில் சோறு, தொட்டுக்கொள்வதற்கு. உண்ணும் கிரமத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு: காயையும் பருப்பையும் முதலில் உண்டு சோற்றைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால், அதே உணவு, அதே அளவு, ஆனால் சர்க்கரை ஏறும் வேகம் கண்கூடாகத் தணிகிறது. முதற் பத்து நாள் பசித்தது என்பதை மறைக்க மாட்டேன். வயிற்றின் பசி அன்று. சோற்றுக் குவியலைக் காணாத கண்ணின் பசி.

சோற்றை அடியோடு விலக்கச் சொல்லும் தீவிரவாதிகளோடு எனக்கு உடன்பாடில்லை. 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கிய டாக்டர் எம். விசுவநாதன், பின்னர் இராயபுரத்தில் தம் மருத்துவமனையை நடத்திவந்த காலத்தில், மாவுச்சத்தை மேனாட்டு ரீதியில் ஒடுக்குவதைவிட, நம்மவர் உணவில் நாரை மிகுதியாக்குவதே இந்த மண்ணுக்குப் பொருந்தும் என்று வாதாடியவர். வாழ்நாளெல்லாம் அனுசரிக்க வேண்டிய பத்தியம், வாழ்நாளெல்லாம் உண்ணக்கூடியதாக இருக்கவேண்டும் அல்லவா? பழத்தைப் பற்றியும் இதே நியாயந்தான். ஒரு கொய்யாவைக் கடித்துத் தின்னலாம். நாலு சாத்துக்குடியைப் பிழிந்து நாரை எறிந்துவிட்டுச் சாற்றைக் குடிப்பது வேறு காரியம்.

நடையைப் பற்றிச் சொல்லப் புகும்போது சுசுருதரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மதுமேகத்தை விவரித்த அந்தப் பழைய வைத்தியர், பொருளற்ற நோயாளிக்கு விதித்த சிகிச்சை விசித்திரமானது: காலில் பாதரட்சை இன்றி, தலைக்குக் குடை இன்றி, ஓர் ஊரில் ஓர் இரவுக்கு மேல் தங்காமல், பிச்சை எடுத்து உண்டுகொண்டு, நூறு யோசனை தூரம் நடக்கவேண்டும், அல்லது கிணறு வெட்டவேண்டும். செருப்பில்லாமல் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். காரணம் பின்னே வரும். மற்றபடி, குறைந்த உணவும் நிறைந்த உழைப்பும் என்ற சூத்திரத்தை இன்றைய விஞ்ஞானம் மறுக்கவில்லை. அதன் காரணத்தைக் கண்டுபிடித்துச் சேர்த்திருக்கிறது. பத்தாயத்து வாயிற்காவலர் செவிடானார்கள் என்றேனே, அந்தப் பத்தாயத்துக்குப் புறக்கடை வழி ஒன்று உண்டு. தசை வேலை செய்யும்பொழுது, கணக்குப்பிள்ளையின் உத்தரவுக்குக் காத்திராமல் அந்த வழியாகச் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. வேலை நின்ற பிறகும் காது சற்றுக் கேட்கிறது. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் அந்தப் பலன் தங்கும். வாரத்துக்கு 150 நிமிஷ நடை என்று விதித்த மருத்துவர்கள், சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிடாதே என்று கூடவே சொல்வது இதனால்தான். உண்டு முடித்ததும் பத்து நிமிஷம் தெருவில் உலாவுவது, அதிகாலை நடையைக் காட்டிலும் சில சமயம் அதிகப் பிரயோஜனம் தருகிறது. நெல் வந்து இறங்கும் நேரத்தில் அல்லவா புறக்கடை திறந்திருக்க வேண்டும்?

நடையோடு நிற்காமல் தசையை வளர்க்கும் அப்பியாசமும் வேண்டும்; பத்தாயம் பெரிதானால் கொள்ளும் நெல்லும் கூடும். நம் ஊர்ச் சிலம்பக் கூடங்களில் எடுத்த தண்டாலும் பஸ்கியும் அதற்குப் போதும். முழங்கால் இடங்கொடாதவர்கள், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வதைப் பத்துப் பதினைந்து முறை செய்யலாம்.

இதெல்லாம் வெறும் உபதேசமா என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலேயே பிரத்தியட்சம் இருக்கிறது. டாக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரைத் தேர்ந்து மூன்றாண்டு காலம் தொடர்ந்து கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேர் அதற்குள் முழு நோயாளிகளானார்கள். உணவைத் திருத்தி, நாளுக்கு அரை மணி விரைந்து நடக்கும்படி விடாமல் நினைவூட்டப்பட்டவர்களில் அந்தத் தொகை 39 ஆகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் உண்டவர்களில் 40. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களிலும் 39தான். 2006-இல் வெளிவந்த இந்த முடிவை நான் பலமுறை திருப்பிப் படித்ததுண்டு. கடையில் விலைகொடுத்து வாங்கும் மாத்திரையோடு, காசு செலவில்லாத நடை சரிநிகராக நின்றது என்பது ஒரு பக்கம். அவ்வளவு பிரயாசைப்பட்டும் நூற்றுக்கு 39 பேருக்கு வியாதி வந்தே தீர்ந்தது என்பது மறுபக்கம். மருந்துக்கு வந்துவிட்டோமே என்று வெட்கப்படுகிறவர்கள் இந்த இரண்டாம் பக்கத்தைக் கவனிக்கவேண்டும். வைத்தியர் கொடுத்த மாத்திரை ஒழுக்கக் குறைவுக்கு விதித்த தண்டனை அன்று.

மெரினாக் கடற்கரையில் விடியற்காலையில் நடப்பவர்களைக் கண்டு நான் மகிழ்ச்சியும் துக்கமும் ஒருங்கே அடைவதுண்டு. அருகம்புல் சாறு, வாழைத்தண்டுச் சாறு, பாகற்காய்ச் சாறு எல்லாம் விற்பனைக்கு நிற்கின்றன. நடந்து முடித்து ஒரு குவளை கசப்பை முகம் சுளித்து விழுங்கியவர்கள், அந்தப் புண்ணியத்தின் பலத்தில் நேரே ஓட்டலுக்குப் போய் நெய்ப்பொங்கலும் வடையும் கேட்கிறார்கள். அரைமணி நடையில் செலவழித்ததை ஐந்து நிமிஷத்தில் வட்டியோடு திரும்பப் பெற்றுவிடலாம்.

நடப்பவர்களில் பெண்கள் ஏன் குறைவு என்று என் மனைவியிடம் ஒருமுறை கேட்டேன். "காலை ஆறு மணிக்கு உங்களுக்குக் காப்பி யார் கொடுப்பது?" என்றாள். வீட்டில் ஆண்மகனுக்கு வியாதி வந்தால் வீடே பத்தியம் பழகுகிறது. அவனுக்கென்று தனியாக எண்ணெய் குறைத்த பொரியல் வருகிறது. பெண்ணுக்கு வந்தாலோ, எல்லாருக்கும் வழக்கம்போல் சமைத்துப் போட்டுவிட்டு, மூன்று மணிக்குச் சட்டியில் தங்கிய சோற்றை வீணாக்க மனமின்றித் தின்பதே அவளுடைய பத்தியம். அன்று முதல் காலைக் காப்பியை நான் போடுகிறேன். அது சுமாராகத்தான் இருக்கிறது.

உறக்கம் கெட்டால் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பது குறையும். புகையிலை, வியாதியையும் வளர்த்து நாளங்களையும் அடைக்கும். இவை இரண்டையும் விளக்க வேண்டிய அவசியமில்லை.

அண்மைக் காலத்தில், நீரிழிவை மாத்திரையின்றித் தணித்துவிடலாம் என்ற செய்தி பரவியிருக்கிறது. பொய்யன்று, ஆனால் முழுதும் மெய்யுமன்று. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நடந்து, 2017-இல் முடிவு வெளியான சோதனையொன்றில், வியாதி வந்து ஆறாண்டுக்கு மேற்படாத, பருத்த தேகமுடையவர்களுக்கு, நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கலோரி மட்டும் கொண்ட பானங்களை மூன்று முதல் ஐந்து மாதம் வரை கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 46 பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை தணிந்திருந்தது; 15 கிலோவோ அதற்கு மேலோ இளைத்தவர்களில் 86 பேருக்கு. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவேயில்லை. மருத்துவர்கள் மேற்பார்வையில் அங்கே நடந்ததை, அறுபது கிலோ எடையும் பத்தாண்டு வியாதியும் உள்ள நம்மூர் ஆசாமி, கைப்பேசியில் பார்த்துவிட்டுத் தானாகப் பட்டினி கிடந்து செய்து பார்ப்பது விபரீதம்.

ஏனெனில், சர்க்கரை ஏறுவது ஆண்டுக்கணக்கில் கெடுக்கும். இறங்குவதோ நிமிஷக்கணக்கில் ஆளைச் சாய்க்கும். இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் சில மாத்திரைகளோ உபயோகிப்பவர்கள் சஷ்டி, ஏகாதசி, ரம்ஜான் நோன்பு எதுவாயினும் தொடங்குமுன் வைத்தியரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். கை நடுங்கி, வியர்த்து, கண் மங்கினால், 70-க்குக் கீழே போய்விட்டது என்று பொருள். அப்பொழுது மேல்தட்டுக்கு நாடு கடத்திய சர்க்கரை டப்பாவே சஞ்சீவி. மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். என் சட்டைப் பையில் எப்பொழுதும் நாலு மிட்டாய் இருக்கும். பேரனுக்கு அந்த ரகசியம் தெரியும்.

பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து நல்ல எண்ணைக் காட்டி வைத்தியரை ஏமாற்றும் கலையில் நான் வல்லவனாக இருந்தேன். ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனை வந்து அதைக் கெடுத்தது. இரத்தத்தின் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்பவை. அந்த நாளெல்லாம் தம்மீது படிந்த சர்க்கரையை அவை அழியாத எழுத்தாகச் சுமக்கின்றன. ஆகவே அது மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்லிவிடுகிறது. பொதுவாக 7-க்குக் கீழே இருப்பது நலம்; வயதும் மற்ற வியாதிகளும் பார்த்து வைத்தியர் கூட்டியும் குறைத்தும் சொல்வார். அதனோடு ஆண்டுக்கொரு முறை கண்ணின் உட்திரையையும், சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்பதையும், பாதங்களையும் பார்த்துக்கொள்வது அவசியம்.

பாதங்களைப் பற்றித்தான் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் வெறுங்காலோடு தெய்வத்தை அணுகும் ஜனங்கள். சித்திரை வெயிலில் பிராகாரத்துக் கருங்கல் தீயாய்க் காய்வதையும் பொருட்படுத்தாமல் வலம் வருகிறோம். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தைச் செருப்பின்றிச் சுற்றுகிறோம். நரம்பு மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது, கல் தெரியாது, கொப்புளம் தெரியாது. வலி என்ற காவல்நாய் உறங்கிப்போன வீட்டில் கள்வன் நுழைவதுபோல், புண் புகுந்து சீழ் வைத்து விரலை வாங்கும்வரை போய்விடும். வெயில் ஏறுமுன் தரிசனத்தை முடித்துக்கொள்ளலாம், கனத்த காலுறை அணிந்துகொள்ளலாம், தெய்வம் கோபிக்காது. வீட்டுக்குள்ளும் செருப்பு, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்த பின் அணிவது. இரவு படுக்குமுன் விரலிடுக்கையும் உள்ளங்காலையும் பார்ப்பது.

முதுகை வளைத்து உள்ளங்காலைப் பார்க்க எனக்கு இப்போது இயலவில்லை. அதனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருவில் உலாவிவிட்டு வந்து, கூடத்து விளக்கடியில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்கிறேன். எட்டு வயதுப் பேரன் எதிரே சம்மணமிட்டு அமர்ந்து, பெரிய டாக்டரைப்போலப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்ப்பான். சம்பளம் பையிலிருக்கும் மிட்டாயில் ஒன்று. போன மாதம் ஒரு நாள் இடது குதிகாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, இங்கே பாரேன், ஒரு முள்ளு முழுசா உள்ளே போயிருக்கு, உனக்கு வலிக்கலையா?" என்றான். கொல்லையில் செருப்பில்லாமல் இரண்டடி போய் வந்தது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது, அது காலையில்.